கண்ணுக்குத் தெரியாத விளிம்பு: கார் இரைச்சலும் டயர் தேய்மானமும்

“கொஞ்ச நாளா வண்டிக்குள்ள ஒரு இரைச்சல் கேக்குது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சா தெரியல, விட்டுட்டேன்.”

கார் வைத்திருப்பவர்கள் பலர் சொல்லும் பேச்சு இது. வேகம் 50, 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் ‘ஊ...ம்’ என்று ஓர் ஓசை. வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது. ரோடு சரியில்லை என்று ரோட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் காரின் அடிப்பக்கம் பார்த்திருக்கும் உள் விளிம்பு? அங்கே ரப்பர் தேய்ந்து கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். குனிந்து பார்க்காதவருக்கு அது தெரிய வருவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும்போதுதான்.

இந்தப் பாடத்தின் நோக்கம் இதுதான்: உங்கள் கையையும் செல்போனையும் வைத்து நாலு டயரையும் நீங்களே படித்துப் பார்ப்பது, காரணம் தெரிந்த பிறகே செலவு செய்வது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

டயரின் மேல் இருக்கும் ரப்பர் கட்டங்களை நாம் ‘பட்டன்’ என்கிறோம். சக்கரம் சுற்றும்போது இந்தப் பட்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையைத் தட்டுகின்றன. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும் என்பதால், டயர் தயாரிப்பவர்கள் பட்டன்களைச் சற்றே வெவ்வேறு நீளத்தில் அமைக்கிறார்கள். அதனால் புது டயரில் சத்தம் சிதறி அடங்கிவிடுகிறது.

பட்டன்கள் ஒரே சீராகத் தேய்ந்தால் பெரிய பிரச்சினை இல்லை. ஒரு முனை உயரமாகவும் மறுமுனை பள்ளமாகவும் தேய்ந்தால், டயர் படிக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் படிகள் சாலையைத் தட்டும் சத்தம்தான் காருக்குள் கேட்கும் அந்த இரைச்சல்.

டயரா, பேரிங்கா?

சக்கரத்தின் பேரிங் போனாலும் இதே மாதிரி சத்தம் வரும். பிரித்தறிய மூன்று வழிகள்:

1. தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது கவனியுங்கள். சாலை மாறினதும் சத்தத்தின் தன்மை மாறினால் டயர் மேல் சந்தேகப்படலாம். எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. நீளமான வளைவில் செல்லும்போது கவனியுங்கள். வண்டி இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். இதற்காகப் போக்குவரத்துக்கு நடுவே வண்டியை வளைத்து வளைத்து ஓட்ட வேண்டாம்.

3. முன், பின் டயர்களை இடம் மாற்றிப் போட்டதும் சத்தமும் கூடவே இடம் மாறினால், குற்றவாளி டயர்தான்.

சத்தம் இல்லாமல், 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் குறை. ரிம்மில் ஒட்டியிருந்த சிறு எடைத் துண்டு விழுந்திருக்கலாம். ரிம் கோணலாகியும் இருக்கலாம்.

பத்து நிமிடச் சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். ஜாக்கியால் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ ஒருபோதும் நீட்டாதீர்கள்.

- *செல்போன்:* சக்கரம் திரும்பி நிற்பதால் முன் டயரின் முழு அகலமும் இப்போது தெரியும். டார்ச் போட்டு, வெளி விளிம்பு, நடு, உள் விளிம்பு மூன்றும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். பின் டயருக்கு, போனைச் சக்கரத்தின் பின்புறம் தாழ்வாகப் பிடித்து வீடியோ எடுங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கும் இது எளிது. பிறகு வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மறுபடியும் எடுங்கள். சில தேய்மானங்கள் டயரில் அங்கங்கே மட்டும்தான் இருக்கும்.

- *கை:* முதலில் படத்தைப் பாருங்கள். கம்பி தெரிந்தால் கை வைக்க வேண்டாம், குத்திக் கிழித்துவிடும். இல்லையென்றால் உள்ளங்கையால் டயரைக் குறுக்கே ஒரு முறை வெளியிலிருந்து உள்ளே, ஒரு முறை உள்ளிருந்து வெளியே தடவுங்கள். பிறகு சுற்றளவு வாக்கில் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால், கண்ணுக்குத் தெரியாததைக் கை கண்டுபிடித்துவிட்டது.

- *அளவு:* பட்டன்களுக்கு இடையே உள்ள வாய்க்காலில் குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவைதான் தேய்மான அடையாளம். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். புது கார் டயரில் வாய்க்கால் ஆழம் பொதுவாக 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். பட்டன் தேய்ந்து இந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளும் கார்களுக்கு இந்த 1.6 மில்லிமீட்டரைத்தான் எல்லையாக வைத்துள்ளன. நடுவில் மட்டும் பார்க்காமல் இரண்டு விளிம்புகளிலும் பாருங்கள்.

தேய்மானம் என்ன சொல்கிறது?

*இரண்டு விளிம்பும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால்:* காற்று குறைவாக ஓடியிருக்கிறது. பாரம் ஓரங்களில் விழுகிறது. டயர் அதிகம் வளைந்து சூடாகிறது. வெயில் காலத்தில் நெடுந்தூரம் போகும்போது டயர் வெடிப்பதற்கு இந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம்.

*நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால்:* காற்று அதிகம். டயர் நடுவில் உப்பி, அந்த இடம் மட்டுமே சாலையைத் தொடுகிறது.

*ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால்:* வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மீறி வெளிநோக்கித் திரும்பியிருந்தால் உள் விளிம்பு தேயும். உள்நோக்கி இருந்தால் வெளி விளிம்பு தேயும். இதை ‘டோ’ என்பார்கள். சக்கரத்தின் தலைப்பக்கம் அதிகமாக உள்ளே சாய்ந்திருந்தாலும் உள் விளிம்புதான் அடி வாங்கும். இது ‘கேம்பர்’.

சின்னக் கோணல்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் விலகி நின்றால், கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 6 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 5,000 கிலோமீட்டர் ஓடும்போது அது சுமார் 29 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் டயரைத் தார்ச் சாலையில் பக்கவாட்டாகத் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

*குறுக்கே தடவும்போது ரம்பப் பல்:* இதுவும் டோ கோளாறின் அடையாளமே. விளிம்பு தேயத் தொடங்குவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் டயரைக் காப்பாற்றலாம்.

*சுற்றளவு வாக்கில் தடவும்போது படிக்கட்டு:* முன்சக்கர இழுவை கொண்ட கார்களில் பின் டயர்களில் இதை அடிக்கடி காணலாம். டயர்களை இடம் மாற்றாமலேயே நெடுநாள் ஓட்டியதன் விளைவு. பின் சீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இந்த இரைச்சல் முதலில் கேட்கும்.

*அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால்:* ஷாக் அப்சார்பர் தளர்ந்து சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடுகிறது, அல்லது பேலன்சிங் இல்லை. இங்கே டயரை மட்டும் மாற்றினால் புது டயரிலும் சில மாதத்தில் அதே குழிகள் விழும்.

*ஒரே இடத்தில் தட்டையாக இருந்தால்:* திடீர் பிரேக்கில் சக்கரம் சுற்றாமல் இழுபட்டிருக்கிறது.

பணிமனையில் என்ன கேட்க வேண்டும்?

“டயர் போச்சு சார், நாலையும் மாத்திடலாம்” என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். எடுத்த படங்களைக் காட்டி, “ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?” என்று கேளுங்கள்.

அலைன்மென்ட் செய்யும் முன் பால் ஜாயின்ட், டை ராட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இவை தளர்ந்திருந்தால் அலைன்மென்ட் செய்தும் பயன் இல்லை. கடையை விட்டு வெளியே வந்து முதல் குழியில் இறங்கியதுமே மாறிவிடும்.

செய்வதற்கு முன் இருந்த அளவு, செய்த பின் உள்ள அளவு இரண்டையும் அச்சிட்டுக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளில் உங்கள் கார் மாடலுக்கான அனுமதி எல்லையும் இருக்கும். பல சிறிய கார்களில் முன் சக்கரங்களின் டோவை மட்டுமே திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பர் எல்லை தாண்டியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றுவதே சரியான வழி. ஜாக்கி வைத்து நெம்பி வளைத்துச் சரிசெய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: காரணத்தைச் சரிசெய்த அன்றே இரைச்சல் நின்றுவிடாது. ஏற்கெனவே படிக்கட்டாகத் தேய்ந்த ரப்பர் அப்படியேதான் இருக்கும். தேய்மானம் லேசாக இருந்தால் டயரை இடம் மாற்றி ஓட்ட ஓட்டச் சத்தம் குறையலாம். ஆழமாகிவிட்டால் டயரை மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் சீக்கிரம் பிடிப்பது முக்கியம்.

டயர் வாங்கும்போது

பக்கச் சுவரில் 185/65 ஆர் 15 88 எச் என்பது போல ஓர் எழுத்து வரிசை இருக்கும். 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அகலத்தில் பக்கச் சுவர் உயரத்தின் சதவீதம். 15 என்பது ரிம் விட்டம், அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேக வரம்பு. கார் நிறுவனம் சொன்ன அளவுக்குக் குறைவான பாரக் குறியீடு கொண்ட டயரை வாங்கவே கூடாது.

அதே சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணும் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கடையில் பல ஆண்டுகள் கிடந்த டயரைப் புதிது என்று வாங்கி ஏமாறாமல் இருக்க, பணம் கொடுக்கும் முன் இந்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டயரில் இந்த இலக்கங்கள் உள்பக்கச் சுவரில் மட்டும் இருக்கலாம். மாட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால், கார் முன்சக்கர இழுவையாக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரச் சாலையில் பின் டயர் பிடியை இழந்தால் வண்டி சுழன்றுவிடும். அதைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.

வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை

- மாதம் ஒரு முறையும் நெடும் பயணத்துக்கு முன்பும் காற்று பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசம்.
- ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.
- உங்கள் காரின் கையேடு சொல்லும் இடைவெளியில், பொதுவாக 10,000 கிலோமீட்டருக்குள், டயர்களை இடம் மாற்றுங்கள். சுழலும் திசை அம்புக்குறி போட்ட டயர்களை அதே பக்கத்திலேயே முன் பின்னாக மட்டும் மாற்ற வேண்டும்.
- பெரிய குழியில் வண்டி ‘டம்’ என்று இறங்கினால், ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று கவனியுங்கள். இழுத்தால் அந்த வாரமே அலைன்மென்ட் பாருங்கள்.
- வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே பட்டன் ஆழத்தைப் பார்த்துவிடுங்கள். வாய்க்கால் ஆழம் இல்லாத மொட்டை டயர் தண்ணீரை வெளியே தள்ளாது. தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது.

உங்கள் போனில் இருக்கட்டும்

அலைன்மென்ட் கெடுவதற்குக் குழிகளும் காரணம் என்பதால் புகார் சொல்வதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளில் குழி இருந்தால் ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு பதிவு செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கும் புகாருக்கும் 1033. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும்.

டயர் அல்லது பணிமனைச் சேவையில் குறை இருந்து கடைக்காரர் தீர்வு தரவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இதற்கெல்லாம் ரசீது வேண்டும். ரசீது, அலைன்மென்ட் தாள், டயர் படங்கள் ஆகியவற்றைத் தேதியோடு போனில் தனி ஆல்பமாக வைத்திருங்கள். போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த விளிம்பு வேகமாகத் தேய்கிறது என்று மெக்கானிக் சொல்லும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த முறை அந்த இரைச்சல் கேட்டால் பாட்டைக் கூட்ட வேண்டாம், அணைத்துவிட்டுக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நிமிடம் குனிந்து அந்த உள் விளிம்பைப் பாருங்கள். அந்த நாலு டயரை நம்பித்தான் உங்கள் குடும்பம் காரில் ஏறுகிறது.