மாணவர் திறனை அளந்தறிதல்

மண்ணின் தன்மையை அறியாது விதைப்பவர் நல்ல உழவராகார். அதுபோலவே, மாணவனுக்கு எது தெரியும், எதில் இடர்ப்படுகிறான் என்பதை அறியாது கற்பிக்கும் முயற்சியும் முழுப்பயன் தருவதில்லை. இதனை அறிவதற்கே தேர்வுகள் ஏற்பட்டன.

தேர்வுகளை இருவகையாகக் கொள்ளலாம். கற்பித்த பாடம் எவ்வளவு மனத்தில் பதிந்தது எனக் காண்பது அடைவுத் தேர்வு. புதிய வினாவை எங்ஙனம் ஆராய்ந்து விடுக்கிறான் எனக் காண்பது திறனறித் தேர்வு. வாய்பாட்டை ஒப்புவிக்கச் செய்வது முன்னதைச் சாரும். 2, 6, 18 என்னும் வரிசையில் அடுத்து வரும் எண் யாது என வினவுவது பின்னதைச் சாரும்.

பிரான்சு நாட்டு அறிஞர் ஆல்பிரட் பினே, சைமன் என்பாருடன் கூடி, 1905-ஆம் ஆண்டில் அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பள்ளியில் தனிக்கவனம் தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவுவதே அதன் நோக்கமாகும்.

வினாக்கள் சிறுவர் வாழும் சூழலுக்கு இயைந்தனவாக இருத்தல் வேண்டும். திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலைச் சிறுவனிடம், அவன் காணாத மின்படிக்கட்டைக் கொண்டு கணக்குக் கேட்டால், சொல்லே அவனைத் தடுக்கும். மாறாக, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம் நடப்பவர் எவ்வளவு நேரத்தில் சுற்றி வருவார் என வினவினால், மூன்றரை மணி என்னும் விடையை அவன் தானே காண்பான். கணக்குத் தேர்வு சொற்தேர்வாகிவிடலாகாது.

தவறான விடையும் ஆசிரியருக்கு வழிகாட்டும். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என எழுதும் குழந்தை, 7-இலிருந்து 2-ஐக் கழித்துள்ளது. கடன் வாங்கிக் கழிக்கும் முறையை மீண்டும் கற்பித்தால் போதும். அதனை உணராது 'மந்தம்' என முத்திரையிட்டால், அக்குழந்தை பள்ளியையே வெறுத்து விலகவும் கூடும்.

2008-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் திட்டம், எட்டாம் வகுப்பு மாணவர்க்கு மனத்திறனில் 90, பாடங்களில் 90 என வினாக்களை அமைத்தது. தேர்வு பெற்ற ஏழை மாணவர்க்கு, 2017 முதல், ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்காண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. ஆக மொத்தம் 48,000 ரூபாய். பிள்ளையை வேலைக்கனுப்ப எண்ணும் குடும்பத்திற்கு இது பேருதவியன்றோ?

எனினும், ஒரு நாள் தேர்வு ஒருவனது முழுத்திறனையும் காட்டிவிடாது. கைத்திறன், பேச்சுத்திறன், பிறரை அணைத்துச் செல்லும் பண்பு ஆகியவை வினாத்தாளில் அடங்கா. ஆதலின், ஆசிரியர் மதிப்பெண்ணோடு தம் அன்றாடக் கவனிப்பையும் சேர்த்தே முடிவு செய்க. பெற்றோரும், “எத்தனை மதிப்பெண்?” என்பதோடு நில்லாது, “எதில் உதவி வேண்டும்?” எனக் கேட்பாராக.