பழைய கணிப்பொறியும் புதிய சேமிப்புத் தட்டும்

ஊராட்சி அலுவலகங்கள் சிலவற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த கணிப்பொறிகள் இன்னும் பணி செய்து வருகின்றன. கிராம சபைத் தீர்மான நகல்கள், பழைய வீட்டுவரிப் பட்டியல்கள், சாலை, கிணறு முதலிய வேலைகளின் படங்கள் யாவும் பொறியினுள்ளே ஒரே தட்டில் தங்கியுள்ளன. அத்தட்டு பழுதுற்றால் ஊராரின் சான்றுகளும் உடன் அழியும். ஆகவே, வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றில் அவற்றைப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

வாங்குமுன் நம் பொறி எத்தகையது எனப் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கும் மிகப் பழைய பொறியாயின், 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டை நாடாதிருத்தல் நன்று. பழைய எம்.பி.ஆர். பகுப்பு முறை சாதாரணமாக அந்த அளவோடு நின்றுவிடும், புதிய ஜி.பி.டி. முறையை 32 பிட் எக்ஸ்பி அறியாது. நம் ஏடுகளுக்கு 1 டெராபைட்டே தாராளம். பெரியதை மலிவு என்று கடைக்காரர் சொல்வார்; செவிசாய்க்க வேண்டுவதில்லை.

இணைத்தவுடன் தட்டு 'டிக் டிக்' என ஒலித்து, தோன்றித் தோன்றி மறையுமாயின், பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை என்று கொள்ளலாம். பழைய யு.எஸ்.பி. 2.0 வாய் 500 மில்லி ஆம்பியரே தருவது, 3.0 வாயோ 900 தரும். முன்புற வாயை விடுத்து, பொறியின் பின்புற வாயில் நேரே செருகிப் பார்க்கவும். நீண்ட கம்பி ஆகாது. தனி மின் இணைப்புடைய தட்டாயின் இத்தொல்லை இல்லை.

தட்டை வடிவமைக்குமாறு பொறி கேட்டால், அது புதிய வெற்றுத் தட்டுதானா என உறுதி செய்த பின்னரே இசைவு தருதல் வேண்டும். ஏடுகள் உள்ள தட்டில் அவ்வாறு இசைந்தால் யாவும் போய்விடும். எஃப்.ஏ.டி. 32 வடிவத்தில் 4 ஜிகாபைட்டை எட்டும் ஒரே கோப்பு ஏறாது. கூட்டப் பதிவுக் காட்சிகள் அங்கே நின்றுபோகும். என்.டி.எஃப்.எஸ். வடிவமே விண்டோஸ் பொறிகளுக்கு ஏற்றது.

பழைய வாயில் நொடிக்கு 30 மெகாபைட் அளவே செல்லுமாதலின், 200 ஜிகாபைட் படியெடுக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். சிறு படங்கள் பல்லாயிரம் இருப்பின் இன்னும் நீளும். இடையில் மின்தடை வரக்கூடுமாதலால், பேட்டரித் துணையுள்ள வேளையில் தொடங்குக.

முடிந்தபின் ஆண்டுக்கொன்றாகச் சில கோப்புகளைப் புதிய தட்டிலிருந்தே திறந்து பார்க்கவும். பின்னர்த் திரையில் பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்துக் கழற்றி, பொறியிலிருந்து விலக்கி, வேறு அறையிலுள்ள பூட்டிய பெட்டியில் வைக்கவும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு பொதுவாக நின்றுவிட்டன. நச்சு நிரல் அத்தகைய பொறியில் புகுந்தால், செருகியே கிடக்கும் தட்டையும் அது விடாது.