ஓடுகிற கடையை விலைக்கு வாங்கும் முன்



வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் நம்மவர்கள் பலர், புதிதாகத் தொடங்குவதைவிட ஓடுகிற கடையை வாங்குவதே மேல் என்று நினைக்கிறார்கள். தவறில்லை. ஆனால் விலையை விசாரிக்கும் அளவுக்குத் தொழிலை விசாரிப்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு சகோதரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பதினெட்டு வருட ஜித்தா சம்பாத்தியம், மனைவியின் நகை, இரண்டையும் போட்டு ஒரு செல்போன் கடையை வாங்கப் போவதாகச் சொன்னார். கடையில் கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் கடைக்காரரின் பழுதுபார்க்கும் கைக்காக வருவது. அவர் போய்விட்டால்? நம் சகோதரர் அங்கே பார்த்தது மளிகைக் கிடங்கு வேலை. அரிசியைக் கையில் அள்ளியே பழையதா புதியதா என்று சொல்லிவிடுவார். அந்த அனுபவத்தை விட்டுவிட்டு இதற்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்டோம்.

மது, வட்டி, சூது சார்ந்த தொழில் வேண்டாம் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பம் வாங்கும் பணத்தில் வருகிறது. ஹலாலான கடையை வட்டிக் கடனில் வாங்குகிறார்கள்! பணம் போதாவிட்டால், விற்பவரையே சில காலம் முஷாரகா முறையில் பங்காளியாக வைத்துக்கொள்ளலாமே. அவர் இருந்தால் வாடிக்கையும் கலையாது.

அரசாங்கத்தின் பார்வை எந்தத் தொழில் மேல் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. அறிவிப்பு 2018 ஜூனிலேயே வெளியாகிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் அத்தொழிலை விற்க அவசரப்பட்டவருக்குக் காரணம் தெரிந்திருக்கும், வாங்கியவருக்கு?

மருந்துக் கடைக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும்; பழையவர் பெயரில் உள்ள உரிமமும் கடையோடு சேர்ந்து வந்துவிடாது. ஜிஎஸ்டி பதிவுள்ள எந்தக் கடையானாலும், விற்றவர் கட்டாமல் விட்ட வரிக்கு வாங்கியவரும் பொறுப்பு என்கிறது அச்சட்டத்தின் 85-ஆம் பிரிவு. அவருடைய ரிட்டர்ன்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஜகாத் கணக்கில் விற்பனைச் சரக்கு சேரும். தராசு, பிரிட்ஜ், அலமாரி சேராது. ஆகவே சரக்கின் விலையையும் தளவாடத்தின் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

அந்தச் சகோதரர் இப்போது ஒரு மளிகைக் கடையைப் பார்த்து வைத்திருக்கிறார். ஓராண்டுக் கணக்கைக் கேட்டிருக்கிறார். விற்பவர் இன்னும் காட்டவில்லை. காட்டும்வரை நகையை வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறோம்.