வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்குப் பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அக்கா குடும்பம் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறது. அக்கா மகன் வருகிற ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி தொடங்குவது அந்த வகுப்பில்தான். பள்ளி ஃபுட்பால் அணியில் சேர்ந்தே தீருவேன் என்று ஒரு மாதமாக அடம். "இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கடா தம்பி. நீ எழுதுறவன்தானே, சரியா விசாரிச்சுச் சொல்லு" என்று அக்கா போனில் கேட்டாள். விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த ஊர்களில் பேரனோ பேத்தியோ வளரும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு என்பதால் இது அக்காவுக்கு மட்டுமான பதில் இல்லை.

பெயர் விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை, எதிரணி மேலே விழுந்து மடக்கும் ஆட்டம். நம் கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நம்பிக்கை: பள்ளி ஃபுட்பால் செத்துக்கொண்டிருக்கிறது.

குறைந்தது உண்மை, சாகவில்லை. மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 11 பேர் ஆடும் ஃபுட்பாலில் உச்சம் 2008-09 பள்ளி ஆண்டு: சுமார் 11 லட்சத்து 12 ஆயிரம் பையன்கள். பத்து ஆண்டு கழித்து, 2018-19-ல், 10 லட்சத்து 6 ஆயிரம். கொரோனாவுக்குப் பிறகு வந்த முதல் கணக்கில், 2021-22-ல், பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கி 9 லட்சத்து 74 ஆயிரம் ஆனது. 'முடிந்தது கதை' என்று பலர் எழுதியது அப்போதுதான். அடுத்த ஆண்டே 55 ஆயிரம் பேர் கூடினார்கள். 2023-24-ல் 10 லட்சத்து 31 ஆயிரம். பையன்கள் ஆடும் பள்ளி விளையாட்டுகளில் இன்றும் முதலிடம் இதற்குத்தான். டெக்சஸில் ஆலன் என்ற ஊர், வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கும் பள்ளி ஆட்டத்துக்காக 18,000 பேர் உட்காரும் மைதானத்தை 6 கோடி டாலர் செலவில் கட்டி 2012-ல் திறந்தது. எண்ணிக்கை ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்த காலம் அது. ஆக நாடு முழுக்க ஒரே சீராக வற்றவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் ஆள் அவுட் ஆகிற, மேலே விழாத ஃப்ளாக் ஃபுட்பாலைப் பெண் பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2023-24-ல் சுமார் 43 ஆயிரம் பேர். அதற்கு முந்தைய ஆண்டைப்போல் இருமடங்கு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டமும் உண்டு.

நம்பிக்கை: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை, கையில் போனைக் கொடுத்துவிட்டோம்.

ஊர் ஊருக்கு இதைச் சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறார். கணக்கு அவருக்கு எதிராக நிற்கிறது. பள்ளி விளையாட்டுகளில் சேரும் மாணவ மாணவியரின் மொத்த எண்ணிக்கை 2017-18 வரை தொடர்ந்து 29 ஆண்டுகள் ஏறியது. அதன் கடைசிப் பத்தாண்டில்தான் ஃபுட்பால் இறங்கியது. 2023-24-ல் மொத்தம் முதன்முறையாக 80 லட்சத்தைத் தாண்டியது. பிள்ளைகள் மைதானத்துக்கு வரத்தான் செய்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை மட்டும் சிலர் வேண்டாம் என்கிறார்கள். அந்த முடிவைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

நம்பிக்கை: எல்லோரும் சாக்கருக்குப் போய்விட்டார்கள்.

2008-09 தொடங்கி பத்து ஆண்டுகளில் சாக்கர் ஆடும் பையன்கள் ஏறக்குறைய 75 ஆயிரம் கூடினார்கள். ஃபுட்பாலில் ஒரு லட்சத்துக்குமேல் குறைந்தார்கள். ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு ஊற்றியதுபோலத் தோன்றும். ஆனால் டெக்சஸில் ஃபுட்பால் ஆகஸ்டில் தொடங்கும், சாக்கர் குளிர்காலத்தில்தான் வரும். ஒரே பையன் இரண்டும் ஆடலாம். இரண்டும் இலையுதிர் காலத்தில் மோதுகிற வட மாநிலங்களில்தான் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சாக்கர் என்றால் தலைக்கு ஆபத்தில்லை என்று நம்பி மாற்றுகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பள்ளி விளையாட்டுகளில் மூளை அதிர்வு விகிதம் அதிகமுள்ளவற்றில் பெண்கள் சாக்கரும் ஒன்று.

பெண்களுக்குச் சம வாய்ப்பு கேட்ட 1972-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஃபுட்பாலைக் கெடுத்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. சட்டம் வந்து 36 ஆண்டு கழித்துத்தான் ஃபுட்பால் தன் உச்சத்தைத் தொட்டது. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

நம்பிக்கை: நல்ல ஹெல்மெட் மாட்டினால் போதும்.

அக்காவும் இதைத்தான் நம்பியிருந்தாள். ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கிறது, அதை நன்றாகவே செய்கிறது. மூளை ஓட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. வேகமாகப் போகும் தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ, மூளை உள்ளே குலுங்கி இழுபடும். வெளியே எவ்வளவு கெட்டியான ஓடு போட்டாலும் அந்தக் குலுங்கலை முழுக்கத் தடுக்க முடியாது. கன்கஷன் என்று அங்கே சொல்வது இதைத்தான். இளநீரைக் குலுக்கிப் பாருங்கள், மட்டை உடையாமலே உள்ளே தண்ணீர் அலையடிக்கும்.

கெட்டியான ஹெல்மெட் ஒரு காலத்தில் ஆயுதமாகவே ஆனது. முகக் கம்பியோடு அது வந்த பிறகு, தலையையே முன்னால் நீட்டி மோதும்படி ஆட்டக்காரர்களைப் பழக்கினார்கள். 1968-ல் மட்டும் ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தலை, கழுத்து அடிகள். தலையால் முட்டுவதை 1976-ல் தடை செய்தார்கள். 1990-ல் அப்படியான மரணம் ஒன்றுகூட இல்லை. உயிர் காத்தது விதி மாற்றம்.

விதியை மாற்றினால் ஆட்டத்தின் வீரம் போய்விடும் என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 1905-ல் குறைந்தது 18 பேர் இந்த ஆட்டத்தில் செத்தார்கள். அதே ஆண்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு பந்தை முன்னால் எறியலாம் என்ற விதி வந்தது. இன்று கூட்டம் எழுந்து நின்று கத்துவது அந்த எறிதலுக்காகத்தான். நம் நாளில், 2014-ல், விஸ்கான்சின் மாநிலம் பயிற்சியின்போது ஆள்மேல் விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தியது. பயிற்சியில் ஏற்படும் மூளை அதிர்வுகள் பாதிக்குமேல் குறைந்தன.

நம்பிக்கை: மூளை நோய் தொழில்முறை ஆட்டக்காரருக்குத்தான் வரும்.
இதன் மறுபக்கம்: ஃபுட்பால் ஆடினாலே மூளை நோய்தான்.

இரண்டும் பிழை. 2002-ல் பிட்ஸ்பர்க்கில் மருத்துவர் பென்னட் ஒமாலு, மைக் வெப்ஸ்டர் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் மூளையைப் பிணப்பரிசோதனையில் ஆராய்ந்து, டாவ் என்ற புரதம் அங்கங்கே படிந்திருப்பதைக் கண்டார். சி.டி.இ. என்ற நோய் ஊர்ப்பேச்சானது அதன் பிறகுதான். உயிரோடு இருப்பவரிடம் இதை உறுதியாகக் கண்டறிய இன்றும் வழியில்லை.

2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை என்.எஃப்.எல். ஆட்டக்காரர் 111 பேரின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இருந்தது. செய்தித்தாள்கள் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டன. அதே ஆய்வில் உயர்நிலைப் பள்ளியோடு ஆட்டத்தை விட்டவர்கள் 14 பேர். அவர்களில் 3 பேருக்கு இருந்தது, மூவருக்கும் லேசாக. ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளைகளைத் தானம் கொடுத்தன. ஆகவே இந்த விகிதத்தை ஆடுகிற எல்லோர் தலையிலும் ஏற்றக் கூடாது. ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் பட்டது 2019-ல் அதே குழு சொன்னது: ஆடுகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் இந்த நோய்க்கான வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு கூடுகிறது. மயங்கி விழும் பெரிய அடி மட்டும் இல்லை, யாரும் கவனிக்காத சின்னச் சின்ன மோதல்களும் சேர்ந்துகொண்டே போகின்றன. என் தீர்ப்பு இதிலிருந்துதான் வருகிறது. எட்டு வயதுக் குழந்தையை மேலே விழுந்து மடக்கும் ஆட்டத்தில் விடுவது வேண்டாத ஆபத்து. அந்த வயதுக்கு ஃப்ளாக் ஃபுட்பால் போதும்.

நம்பிக்கை: சின்ன ஊர்ப் பள்ளிகள் பயந்துபோய் ஆட்டத்தை நிறுத்துகின்றன.

பயம் இல்லை, ஆள் இல்லை. விவசாயக் கிராமங்கள் காலியாகிவர, பள்ளி முழுக்க அறுபது பையன்கள் இருந்தால் 11 பேர் அணியையும் மாற்று ஆட்களையும் எங்கே தேடுவது? இதற்கு 1934-லேயே நெப்ராஸ்காவின் செஸ்டர் ஊரில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் வழி கண்டார். அணிக்கு ஆறு பேர், சிறிய மைதானம். எட்டுப் பேர் ஆட்டமும் பரவியது. மெய்ன் மாநிலம் 2019-ல் அதற்கு மாறத் தொடங்கியது. இப்படி மாறும் பள்ளியின் பையன்கள் 11 பேர் கணக்கிலிருந்து மறைகிறார்கள், மைதானத்திலிருந்து மறையவில்லை. அந்தச் சரிவின் ஒரு சிறு பங்கு இந்த இடமாற்றம்.

நம்பிக்கை: நன்றாக ஆடினால் கல்லூரிச் செலவு மிச்சம், பிறகு கோடிகள்.

பள்ளியில் ஆடுகிறவர்களில் கல்லூரி அணிக்குப் போவது நூற்றுக்கு ஏழு பேர். விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் இந்த ஏழில் அடக்கம். கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல். தேர்வுக்குப் போகிறவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வசதியுள்ள வீடுகள் பிள்ளையை வேறு ஆட்டத்துக்கு மாற்றிவிடும். வேறு வழி தெரியாத ஏழை வீடுகள் இந்தக் கனவை நம்பித் தலையைக் கொடுக்கும். எண்ணிக்கை குறைவதைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது இதுதான்.

கடைசியாக, யாரும் பேசாத வெயில். டெக்சஸ் ஆகஸ்டில், பழக்கப்படாத உடம்போடு கனத்த கவசம் மாட்டி ஓடும்போது வெப்பத்தாக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் இதில் இறந்திருக்கிறார்கள். உடனே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கி, உடம்பைக் குளிர்வித்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் பிழைக்க முடிகிற நோய் இது. அந்தத் தொட்டியும், பயன்படுத்தத் தெரிந்த ஆளும் மைதானத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் எவருமே இல்லை.

அக்காவிடம் 'சேர்க்காதே' என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்குப் போய் நான்கு கேள்வி கேட்கச் சொன்னேன். காயம் பார்க்கிறவர் பயிற்சிக்கும் வருவாரா, ஆட்ட நாளுக்கு மட்டுமா? ஐஸ் தொட்டி எங்கே இருக்கிறது? வாரத்தில் எத்தனை நிமிடம் ஆள்மேல் விழும் பயிற்சி? தலையில் அடிபட்ட பையனைத் திரும்ப இறக்கும் முடிவு யாருடையது, பயிற்சியாளருடையதா, மருத்துவருடையதா? கடைசிக் கேள்விக்கு 50 மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பையன் அடம்பிடித்துக்கொண்டிருந்தால், இந்த நான்குக்கும் நேரான பதில் வரும்வரை அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.