அறுபதைக் கடந்தவர்களுக்கு மலர்ப் பள்ளத்தாக்கு

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்கு அறுபதைக் கடந்தவர்களும் போய் வரலாம்; எத்தனை நாள் ஒதுக்குகிறோம் என்பதே கேள்வி. பூக்கள் நிறைவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அதுவே மழைக்காலம், பத்ரிநாத் சாலையில் மண் சரியும். ஆகவே திரும்பும் ரயிலுக்கு முன் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப். பிறகு கங்காரியாவுக்குச் சுமார் 10 கி.மீ. ஏற்றம்; குதிரை கிடைக்கும். கங்காரியா 3,000 மீட்டருக்கு மேலே உள்ளது. குதிரையில் வந்தவருக்கும் இந்த உயரம் பழகியாக வேண்டும். மறுநாள் அங்கேயே ஓய்வெடுங்கள். தலைவலி, குமட்டல் இருந்தால் மேலே ஏறக் கூடாது. அதிகமானால் உடனே இறங்கிவிட வேண்டும். "வயசானால் இப்படித்தான்" என்று சமாளிப்பவர்களே ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பள்ளத்தாக்கினுள் குதிரை கிடையாது, இரவு தங்கவும் அனுமதியில்லை. போன தூரமெல்லாம் திரும்பி நடக்க வேண்டும். முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் காலையிலேயே தீர்மானித்துவிடுங்கள். மூன்று மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுவதும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்பதும் அவசியம்.

ஹேமகுண்டையும் பார்த்துவிடலாம் என்று யாராவது ஆரம்பிப்பார். அது 4,000 மீட்டருக்கும் மேல், செங்குத்தான ஏற்றம். பள்ளத்தாக்குக்குப் போய்வந்த மறுநாள் காலை உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம்.