வசனம் அனுப்பும் மருமகனுக்கு

பாளையங்கோட்டை

  மருமகனே, மாமாவுக்கு மூட்டுவலி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. போனில் தட்டி எழுத என் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் பழையபடி காகிதம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆபீஸ் குரூப்பில் தினமும் காலையில் வசனம் போட்டு வந்தாய் என்றும், மேனேஜர் தனியே கூப்பிட்டு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றும், சுவிசேஷத்தினிமித்தம் பாடு அனுபவிப்பதால் ஜெபித்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தாய். மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பையனுக்கு நீயே எழுது" என்றார். அவர் எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும், அதில் மூன்று வரி திட்டாக இருக்கும்.

ஜெபிக்கிறோம். ஆனால் அதற்குப் பாடு என்று பெயர் வைக்காதே, ஐயா. பல மதத்தார் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில், வேலைக்காக வைத்திருக்கிற குரூப்பில் வேலையைப் பற்றி மட்டும் பேசு என்று சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது.

உன் அம்மா போனில் இன்னொன்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாலிபர் ஜெபக் கூட்டத்துக்கு ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறாயாம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டிய 20-ஆம் தேதி வெள்ளியில் வந்தபோதும் கிளம்பிவிட்டாயாம். உன் பொறுப்பில் இருந்த கம்பெனிகளின் கணக்கையும் சேர்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து முடித்திருக்கிறார். ஜெபத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்று நீ இதைப் பெருமையாகவே அவளிடம் சொல்லியிருக்கிறாய். மறுநாள் விடிந்ததும் அவர் போனில் உன் வசனம் வந்து விழுந்திருக்கும். அன்றைக்கு எதை அனுப்பினாய் என்று தேடிப் பார். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதைப் பற்றியதாக இருந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம்.

"வாயால் சொல்லாதே, வாழ்ந்து காட்டு" என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருப்பாய். நானும் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பேச்சிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆளைச் சேர்ப்பதற்காக நல்லவனாக இருப்பது தூண்டிலில் மாட்டின புழு மாதிரி. மீனுக்குத் தெரியாமல் போகலாம், மனுஷனுக்குத் தெரிந்துவிடும். "இவன் நம்மிடம் அன்பாக இருப்பது கடைசியில் கோயிலுக்குக் கூப்பிடத்தான்" என்று ஒருவருக்குப் பட்டுவிட்டால், அதற்குப் பிறகு நீ ஊற்றிக் கொடுக்கிற தண்ணீரைக்கூடச் சந்தேகப்பட்டுத்தான் குடிப்பார்.

தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் படித்திருப்பாய். பரீட்சைக்குப் படித்தது மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர், 1798-இல் தஞ்சாவூரில் கண்மூடும் வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1779-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைத் தூது சொல்ல ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஐதர் அலியிடம் அனுப்பினார்கள். கம்பெனியின் பேச்சில் ஐதருக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் இந்தப் பாதிரியாரின் பேச்சில் இருந்தது. வழிச் செலவுக்கென்று ஐதர் கொடுத்த பணத்தை ஐயர் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. சென்னையில் அதிகாரிகளிடம் கட்டிவிட்டார். அவர்கள் வைத்துக்கொள்ளச் சொன்னபோதும் தஞ்சாவூரில் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் அது போனது. அடுத்த வருஷமே யுத்தம் வந்தது. ஐதரின் படை நாடெங்கும் பரவியிருந்த காலத்திலும் இந்தப் பாதிரியாரை வழிமறிக்கக் கூடாது என்று அவனே உத்தரவு போட்டிருந்தான்.

அந்த யுத்தத்தோடு பஞ்சமும் வந்தது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடுதான் கிடைக்கவில்லை. அரண்மனை ஆட்கள் முன்பு வாங்கினதற்கே ஒழுங்காகப் பணம் கொடுக்காததால் மாட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் வர மறுத்துவிட்டார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகுதான் மாடுகள் வந்தன, நெல்லும் கோட்டைக்குள் வந்தது. அதிகாரிகளின் கொடுமைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி, ராஜா கூப்பிட்டும் வராத குடியானவர்களும் இவர் வாக்குக் கொடுத்ததும் திரும்பினார்கள். 7,000 பேர் வரை வந்து மறுபடியும் ஏர் பிடித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இத்தனை பேரில் யாரும் அவர் பிரசங்கத்தைக் கேட்டு மாடு ஓட்டி வரவில்லை. சொன்னால் சொன்னபடி பணம் வரும் என்று நம்பினார்கள். உன் ஆபீஸில் நீ சொன்ன தேதிக்குச் சொன்ன வேலை வந்து சேருமா?

சரபோஜி மன்னர் கதைதான் எனக்கு இதில் முக்கியம். தஞ்சாவூர்த் துளஜா ராஜா சாகும்போது தான் சுவீகாரம் எடுத்த பிள்ளையான சரபோஜியை சுவார்ட்ஸிடம் ஒப்படைத்தார். சித்தப்பா ஆட்சியில் பிள்ளை பட்ட கஷ்டத்தில் பக்கத்தில் நின்றவர், சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர், உரிமைக்காகக் கம்பெனியாரோடு மல்லுக்கட்டினவர் எல்லாம் ஐயர்தான். பிறகு அந்தப் பிள்ளை ராஜா ஆனது. ஐயர் நினைவாகப் பளிங்கில் ஒரு சிற்பம் லண்டனில் செய்வித்துத் தஞ்சாவூர்க் கோட்டைக் கிறிஸ்தவக் கோயிலில் வைத்தது. சாகப்போகிறவரின் கையை ராஜா பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சி அது. அதே ராஜாதான் 1803-இல் தன் போன்ஸ்லே வம்ச வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் வெட்டுவித்தவர். கடைசி வரை தன் முன்னோர் மதத்திலேயே இருந்தார்.

அப்படியானால் சுவார்ட்ஸின் ஊழியம் தோற்றுப்போனதா? மருமகனே, இந்தக் கேள்விக்கு நீ என்ன பதில் சொல்வாயோ, அதை வைத்துத்தான் உன் நல்ல குணம் புழுவா இல்லையா என்று தெரியும். அந்தப் பிள்ளை மனம் மாறுமா என்று பார்த்துப் பார்த்து அவர் அன்பை அளந்து கொடுத்ததாக நான் எங்கேயும் படிக்கவில்லை. மனம் மாறுவது கர்த்தருடைய காரியம். வாக்கைக் காப்பாற்றுவது நம்முடைய காரியம். இரண்டையும் நாமே செய்யப் புறப்படும்போதுதான் நம் நடத்தையில் ஒரு நடிப்பு வந்துவிடுகிறது.

அவரையும் குறையில்லாதவர் என்று தூக்கி வைக்க வேண்டாம். அவர் சபையில் சாதிப்படி தனித்தனிப் பக்கமாக உட்காருவது நடந்தது, அதை அவர் விட்டுவைத்தார். பின்னால் வந்த மிஷனரிகள் அதை ஒழிக்கப் பார்த்தபோது, யாருடைய கீர்த்தனைகளை நாம் இன்றைக்கும் பாடுகிறோமோ அந்த வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்து நின்றார். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், உனக்குப் பெண் பார்க்கிற பேச்சு வீட்டில் தொடங்கியிருக்கிறது. "நம்ம ஆட்களாக இருக்கணும்" என்று உன் அப்பா சொல்வது எனக்குத் தெரியும். அவன் என் தம்பிதான், அவனிடமும் சொல்லிவிட்டேன். எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று காலையில் குரூப்பில் போட்டுவிட்டு, கல்யாண விளம்பரத்தில் சாதி போட்டால் உன் ஆபீஸ்காரர்கள் எதைச் சாட்சி என்று எடுத்துக்கொள்வார்கள்? அசரியா அத்தியட்சர் நம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1898-இல் கல்யாணம் செய்தபோது வரதட்சணை வாங்கவில்லை. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் ஊரில் அதைச் செய்தி மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது.

அசரியாவின் பேரைச் சொன்னதால் இன்னொன்று. அவர் அத்தியட்சராக இருந்த தோர்ணக்கல்லில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் மாலா, மாதிகா மக்கள். ஊர் ஒதுக்கி வைத்தவர்கள், எழுத்து தெரியாதவர்கள். குடியையும் சண்டையையும் விட்டு அவர்கள் வாழ்க்கை மாறினதைப் பார்த்துத்தான் மேல்சாதிக்காரர்களில் பலர், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு வந்தார்கள். ஏழைக் கூலிக்காரனைப் பார்த்து நிலக்காரன் கேட்க வந்தது சாதாரணமா? 1910-இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே, நீங்கள் எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், ஆனால் எங்களுக்கு வேண்டியது சினேகிதர்கள் என்கிற பொருளில் பேசினவரும் அவர்தான். அப்போது அவருக்கு வயது 35. பக்கத்து சீட்டுக்காரரோடு நீ சினேகமா? அவர் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று உன் அம்மா சொன்னாள். போய்ப் பார்த்தாயா?

இன்னொரு விஷயம் உனக்குப் பிடிக்காது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டில் ஒரு ஆயா இருந்தார். அசைய முடியாத நோயாளிகளை ராத்திரி டூட்டியில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். சூப்பர்வைசர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த அம்மா புரட்டுவார். முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, போர்வைச் சுருக்கத்தை இழுத்து நீவிவிடுவார். நெற்றி நிறைய குங்குமம் வைத்த மாரியம்மன் பக்தை. அதே வார்டில், காய்ச்சல் பார்க்காமலே முந்தின அளவை அப்படியே சார்ட்டில் எழுதிவிட்டு, விடிந்ததும் முழங்காலில் நின்று ஜெபித்தவர்களும் உண்டு. நல்ல குணம் நமக்கு மட்டும் கொடுத்த சொத்து இல்லை. உன் பக்கத்து சீட்டுக்காரர் இப்போதே உன்னைவிடப் பொறுமைசாலியாக இருக்கலாம். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்ததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அவரிடமிருந்து கற்றுக்கொள்வதில் உன் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வராது.

குணம் எப்படி வளரும் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கலாத்தியர் நிருபத்தில் பவுல் சொல்கிற ஆவியின் கனியில் நீடிய பொறுமை, தயவு, சாந்தம், இச்சையடக்கம் எல்லாம் வருகின்றன. இவற்றில் எதையும் அறையைப் பூட்டிக்கொண்டு தனியாக வளர்த்துக்கொள்ள முடியாது. எதிரே எரிச்சலூட்டுகிற ஓர் ஆள் வேண்டும், கடைசித் தேதி வேண்டும், கைக்குக் கிடைத்தும் எடுக்காமல் விட ஏதாவது வேண்டும். ஜெபக் கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே கேட்டு வாங்குகிறதைச் செலவு செய்கிற இடம் உன் ஆபீஸ்தான்.

திங்கட்கிழமை பக்கத்து சீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேள். கேட்கும்போது அதோடு வசனத்தைச் சேர்க்காதே. கர்த்தர் உணர்த்தினார் என்றும் சொல்லாதே. "அன்றைக்கு உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டேன், தப்புதான்" என்று சொல், போதும். அடுத்த 20-ஆம் தேதி அவர் கணக்கில் பாதியை நீ எடு.

பேசவே கூடாதா என்று கேட்பாய். பேசலாம், கேட்டால். உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிற யாருக்கும் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்றுதான் பேதுரு எழுதினார். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் கதையைத் திரும்பப் படி. பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்தும் பவுலும் சீலாவும் ஓடவில்லை. ஓடியிருந்தால் அவன் உயிர் போயிருக்கும். அவன் இரட்சிப்பைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகு. அவர்களும் இருந்துதான் முடித்தார்கள், ஐந்தரைக்குக் கிளம்பவில்லை.

பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது என்று போன தடவை கேட்டிருந்தாய். உன் மனச்சாட்சி வேண்டாம் என்றால் இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சுக்கோங்க, நான் சாப்பிடுவதில்லை" என்று சொல். விக்கிரகத்தைப் பற்றி அங்கே பாடம் எடுக்காதே. பக்கத்து சீட்டுக்காரர் கார்த்திகை மாதம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர் என்றால், ஆபீஸில் சாப்பாடு வரவழைக்கும்போது அவருக்குச் சைவமாக, தனியாக வந்திருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள். மேனேஜரிடமும் போய், வசனம் இனி வராது என்று முகம் கோணாமல் சொல்லிவிடு.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது பக்கத்து சீட்டுக்காரருக்கும் சௌகரியப்பட்டால் கூட்டிக்கொண்டு வா. மாலை போட்டிருந்தாலும் வரட்டும், என்ன சாப்பிடுவார் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை எழுது, தனிப் பாத்திரத்தில் சமைத்து வைக்கிறேன். நம் கோயிலுக்கு வரச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். நெல்லையப்பர் கோயிலைப் பார்க்க ஆசைப்பட்டால் மாமாவே ஆட்டோ பேசிக் கூட்டிப் போவார். மாமா சாப்பாட்டு மேஜையில் பிரசங்கம் தொடங்கினால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அத்தை