இரட்டைத் தடமும் பொது இரைச்சலும்

சென்ற பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. நானே வரைந்து செய்வித்த மின்சுற்றுப் பலகையைக் கணிப்பொறியுடன் யூஎஸ்பி வடத்தால் இணைத்தபோதெல்லாம், அடுத்த மேசை நண்பரின் நுண்ணிய வோல்ட்மீட்டர் தடுமாறியது. என் பலகையிலிருந்து வந்த தரவிலோ ஒரு பிழையும் இல்லை. ஆகவே குற்றம் என்னுடையதன்று என உறுதியாக நம்பினேன். மின்தூக்கியின் மோட்டாரைக் குறை கூறினேன். நண்பரிடம் சற்றுக் கடுமையாகவே பேசினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் உண்மை விளங்கிற்று.

யூஎஸ்பி, ஈதர்நெட், எச்டிஎம்ஐ ஆகிய எல்லாவற்றிலும் ஒரே செய்தியை இரு தடங்களில் அனுப்புகின்றனர். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். பெறும் முனை இரண்டின் வேறுபாட்டை மட்டுமே பார்க்கும். வழியில் புகும் இரைச்சல், அருகருகே செல்லும் இரு தடங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்த்தும். ஆற்றில் வெள்ளம் ஏறினால் இரு படகுகளும் சேர்ந்தே உயர்வதுபோல. கழித்தால் இரைச்சல் மறைந்துவிடும். 1881-இல் கிரகாம் பெல் தொலைபேசிக் கம்பிகள் இரண்டை ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்தக் காப்புரிமை பெற்றதும் அண்டைக் கம்பிகளின் இரைச்சலை இவ்வாறு ஒழிக்கவே.

இரு தடங்களும் சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியே வகுப்பில் நாம் கேட்கும் 'காமன் மோட்'. அதைப் 'பொது நிலை' என்று எழுதுகிறேன். இதனினும் பொருத்தமான சொல் தோன்றினால் அன்பர்கள் சங்க அறையில் எழுதிவைக்க வேண்டுகிறேன்.

பொது இரைச்சல் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று எண்ணியதே என் தவறு. இரு தடங்களின் கூட்டுத்தொகை ஒவ்வொரு கணமும் மாறாதிருக்க வேண்டும். என் பலகையில் ஒரு தடம் திருகுத் துளையொன்றைச் சுற்றி 12 மில்லிமீட்டர் கூடுதலாக ஓடியது. கண்ணாடியிழைப் பலகையில் சைகை ஒரு நானோசெகண்டில் சுமார் 15 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே அத்தடத்தில் சைகை சுமார் 80 பைக்கோசெகண்டு பிந்தியது. நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் காலம் சுமார் 2,080 பைக்கோசெகண்டு. எனவே பெறும் முனை ஒன்றும் அறியவில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அச்சிறு கணத்தில் கூட்டுத்தொகை பிசகி, ஒரு பொதுத் துடிப்பு பிறந்தது. இரைச்சலை உண்டாக்கியது என் சைகையே!

இன்னொரு பிழை அதனினும் பெரிது. ஒரு தடத்தில் சென்ற மின்னோட்டம் முழுதும் மற்றத் தடத்தின் வழியே திரும்புகிறது என்று பலர் நினைக்கிறோம். பலகைகளில் பெரும்பாலும் அதன் பெரும்பங்கு, அந்தந்தத் தடத்திற்கு நேர் கீழே உள்ள செம்புத் தளத்திலேயே திரும்புகிறது. நானோ தளத்தை இரண்டாகப் பிரிக்க ஒரு பிளவு விட்டு, அதன்மேல் இரட்டைத் தடத்தைச் சாய்வாகக் கடத்தியிருந்தேன். ஒரு தடம் முன்னும் மற்றது பின்னுமாகப் பிளவைக் கடந்தால் சமநிலை எங்கே நிற்கும்?

நொடிக்குப் பல ஆயிரம் மெகாபிட் வேகங்களில் பலகைக்குள் இருக்கும் கண்ணாடித் துணியின் பாவும் ஊடையும்கூடக் கணக்கில் வரும். இழையின்மேல் ஓடும் தடத்தில் சைகை மெதுவாகவும், பிசினின்மேல் ஓடும் தடத்தில் விரைவாகவும் செல்லும். அதனால் தடங்களை நெசவுக்குச் சற்றுச் சாய்வாக வரைகின்றனர்.

இவ்வளவு சிறிய மின்னோட்டம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். எதிரெதிர் மின்னோட்டங்களின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொது மின்னோட்டத்திற்கு எதிர் இல்லை. வடம் முழுவதும் ஏரியலாகிவிடும். ஒரு மீட்டர் வடத்தில் 50 மெகாஹெர்ட்சில் 5 மைக்ரோஆம்பியர் ஓடினாலே, 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோவோல்ட் புலம் உண்டாகும். வீட்டுக் கருவிகளுக்கு அமெரிக்க விதி அந்த அலைவெண்ணில் விதிக்கும் எல்லையே அதுதான்.

மின்னோட்டக் கவ்வியை வடத்தில் மாட்டிப் பார்த்தபோது என் குட்டு வெளிப்பட்டது. முதலில் வடத்தின்மேல் ஃபெரைட் வளையம் பூட்டினேன். வேறுபாட்டு மின்னோட்டங்களின் காந்தப்புலம் அதனுள் அழிந்துவிடும். பொது மின்னோட்டத்தையே அது தடுக்கும். தடுமாற்றம் குறைந்தது, நிற்கவில்லை. பின்பு பலகையைத் திரும்ப வரைந்தேன். தடத்தின் அடியில் பிளவில்லை. திருகுத் துளை வேறிடம் போயிற்று. எஞ்சிய நீள வேறுபாட்டை, அது தோன்றும் வளைவின் அருகிலேயே சிறு நெளிவுகளால் சரிசெய்தேன்.

புதிய பலகையைப் பொருத்திய அன்று நண்பரின் மீட்டர் அசையவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மின்தூக்கி மோட்டாரிடம் இன்னும் கேட்கவில்லை.